நான்காம் எண் இயந்திரத்துக்கான ஜெபம், திருத்தம் மூன்று

1

இந்தக் கதை, என் அக்காவிடம் நான் வாயைக் கொடுத்ததால் பிறந்தது. உன்னதமான காரணம் வேறெதுவும் கிடையாது.

அக்கா ஒரு கிறிஸ்தவ சபையின் மாத இதழுக்கு ஆசிரியர். மொத்தம் பதினாறு பக்கம். அதில் நான்கு பக்கம் பிறந்தநாள் வாழ்த்து, இரண்டு பக்கம் கூரை பழுதுபார்ப்பு அறிக்கை. "இந்த மாசம் 'பணியிடத்தில் விசுவாசம்'னு சிறப்பிதழ் போடுறோம்டா. கதைன்னு ஒண்ணுகூட வரல. வந்ததெல்லாம் கவிதை" என்றாள். அந்தக் கடைசிச் சொல்லில் இருந்த வேதனை என் மனதைத் தொட்டுவிட்டது. "நான் எழுதித் தரவா?" என்று கேட்டுவிட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அக்காக்களுக்குக் கேலி புரியாது. அல்லது நன்றாகப் புரிந்துகொண்டு, புரியாதவர்கள் மாதிரி இருப்பார்கள்.

"எழுது. ஆனா உன் வழக்கமான நக்கலெல்லாம் வேண்டாம். படிச்சா மனசு நிறையணும். கடைசியில யாராவது ஒருத்தர் மனந்திரும்பணும்."

"யாரு?"

"அது உன் இஷ்டம்."

எனக்குக் கிடைத்த எழுத்துச் சுதந்திரம் இவ்வளவுதான்.

நான் ஆராதனைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. கல்யாணங்களுக்குப் போவேன், அதுவும் சாப்பாட்டு நேரம் பார்த்து. ஆனால் எழுத வருவதற்கு முன்னால் ஆறு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் படிவங்கள் தட்டச்சு செய்தவன். மனிதர்கள் கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. படிவங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். அவற்றுக்கு அஞ்சுகிறார்கள், அவற்றின் முன் பொய் சொல்கிறார்கள், தண்டனை வருமென்றால் மட்டும் நிரப்புகிறார்கள். ஆக இந்தத் தலைப்புக்கு நான் அவ்வளவு அந்நியன் அல்ல.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களால் தொழிற்சாலையின் தகரக் கூரையை முத்தமிட்ட அந்த இனிய காலையில்..."

[வேண்டாம். கரங்களால் யாரும் முத்தமிடுவதில்லை. உதடுகளால் தகரக் கூரையை முத்தமிட்டால் உதடு வெந்துபோகும்.]

இரண்டாம் தொடக்கம்: "அவன் உத்தமன்."

[நல்ல கம்பீரம். ஆனால் அதற்குப் பிறகு எழுத ஒன்றுமில்லை.]

மூன்றாம் தொடக்கம்: அந்தத் தொழிற்சாலையில் புட்டி மூடிகள் செய்தார்கள். புட்டிகள் அல்ல, மூடிகள் மட்டும். தண்ணீர்ப் புட்டி, மருந்துப் புட்டி, எண்ணெய்ப் புட்டி என்று எல்லாவற்றுக்கும் மூடி. அங்கே பதினோரு ஆண்டுகளாகத் தர ஆய்வாளராக இருப்பவனுக்கு வயது நாற்பத்து நான்கு. மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் ஐந்து மூடிகளை எடுத்து, திருகிப் பார்த்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவது அவன் வேலை.

இந்தத் தொடக்கமே நிற்கட்டும்.

அவனை எல்லாரும் 'ஆமென்' என்று கூப்பிட்டார்கள். அவன் ஊழியம் செய்து சம்பாதித்த பெயர் அல்ல அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், உற்பத்தி இலக்கு பற்றி மேனேஜர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். 'நாம் வெறும் மூடிகள் செய்யவில்லை, நம்பிக்கையைச் செய்கிறோம்' என்று முடித்தார். கடைசி வரிசையில் கண்ணைத் திறந்தபடியே உறங்கிக்கொண்டிருந்த நம் ஆள், ஒரு நீண்ட பேச்சு முடிந்த பழக்க தோஷத்தில், "ஆமென்" என்று உரக்கச் சொல்லிவிட்டான். பதினோரு ஆண்டுகளில் பணியிடத்தில் அவன் செய்த விசுவாச அறிக்கை இது ஒன்றுதான்.

(நாற்பத்து நான்கு வயது ஆளை 'அவன்' என்கிறேனே என்று கேட்காதீர்கள். என் கதையில் வருகிறவன், எனக்குத் தம்பி முறை.)

3

ஆமென் ஒரு போலி பக்தன் என்றுதான் முதலில் திட்டமிட்டிருந்தேன். பையில் சுவிசேஷத் துண்டுப்பிரசுரமும் வாயில் பொய்யும் வைத்திருக்கிற ஆசாமி. அப்படிப்பட்டவர்களை எழுதுவது எனக்குக் கைவந்த கலை. அரை மணி நேரத்தில் உரித்துத் தொங்கவிட்டுவிடுவேன். ஆனால் இவன் உரிக்க வரவில்லை. உண்மையாகவே ஜெபம் செய்கிறவனாக இருந்தான், அதுவும் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சத்தோடு. பகட்டைக் குத்திக் காற்றைப் பிடுங்கலாம். கூச்சத்தில் எங்கே குத்துவது?

அவனுடைய சபையில் போதகர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆளுக்கொரு அட்டை. வேலை செய்யும் இடத்தில் யாரிடம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்களோ அவர் பெயரை அதில் எழுத வேண்டும். ஆமென் மூன்று வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டான்: ஃபிட்டர் அண்ணன்.

ஃபிட்டர் அண்ணன் அவனைவிட ஆறேழு வயது மூத்தவர். இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே அளவு அலட்சியம் வைத்திருப்பவர். இருவரும் பதினோரு ஆண்டுகளாக ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வரும் வழியில் ஆமெனின் மனைவி கேட்பாள்: "என்ன, பேசிட்டீங்களா அவர்கிட்ட?"

"நேரம் வரணும்ல."

"பதினோரு வருஷமா தினம் அரை மணி நேரம் அவர்கூட உட்கார்ந்து சாப்பிடுறீங்க. இதுக்கு மேல நேரம் எந்தப் பக்கம் இருந்து வரும்?"

4

ஒரு செவ்வாய்க்கிழமை நான்காம் எண் இயந்திரம் நின்றுபோனது. மூடி வார்க்கிற இயந்திரம். முன்பக்கத்துக் கண்ணாடிக் கதவை மூடினால்தான் ஓடும். கதவு மூடியிருந்தும் 'கதவு திறந்திருக்கிறது' என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விற்ற கம்பெனியின் ஆள் வர ஆறு நாள் ஆகும். அதுவரை யாரும் பின்பக்கத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால் உத்தரவாதம் போய்விடும், திறந்தவருக்கு வேலை போய்விடும் என்று மேனேஜர் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார். ஏற்கெனவே இரண்டாம் எண் இயந்திரத்தைத் திறந்ததற்காக ஃபிட்டர் அண்ணனுக்கு ஒரு மெமோ. இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான்.

சாப்பாட்டு அறையில் இடமில்லாததால் ஆமென் தன் டப்பாவோடு நான்காம் எண் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றான். டப்பாவை இயந்திரத்தின் மேலேயே வைத்தான். கண்ணை மூடினான். தலையைக் குனிந்தான். சாப்பாட்டுக்காக வழக்கம்போல நன்றி சொன்னான்.

கண்ணைத் திறக்கும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

டப்பா அதிர்ந்து கீழே விழுந்தது. எதிரே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

* இந்த இடத்தில் அக்காவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "ஸ்தோத்திரம்! அப்படியே நிப்பாட்டிடு. கதை முடிஞ்சிருச்சு" என்றாள். "இப்பத்தான்கா ஆரம்பிக்குது" என்றேன். "உனக்கு எங்க நிறுத்தணும்னே தெரியாது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்" என்றாள்.

5

மேனேஜர் கடவுளை நம்புகிறவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் எது ஒன்று வேலை செய்கிறதோ அது நடைமுறையாக வேண்டும் என்பதில் அவர் வெறித்தனமான விசுவாசி. மறுநாள் காலையே ஆவணக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு உத்தரவு போனது.

அந்தப் பிரிவில் மொத்தமே ஒருவர்தான். கோப்பம்மா என்று பெயர். எதைச் செய்தாலும் எழுதியிருக்க வேண்டும், எழுதியதை மட்டுமே செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆமெனை எதிரே உட்காரவைத்தார்.

"ஜெபத்தப் படிப்படியாச் சொல்லுங்க."

"படின்னு எதுவும் இல்லம்மா. கண்ண மூடி..."

"ஒண்ணு, கண்களை மூடவும்" என்று எழுதினார். "ரெண்டு?"

இப்படித்தான் நான்காம் எண் இயந்திரத்துக்கான பணிக்குறிப்பில், 'எண்ணெய் அளவைச் சரிபார்க்கவும்' என்பதற்கும் 'விசையை அழுத்தவும்' என்பதற்கும் நடுவே 'ஜெபம்' என்ற படி நுழைந்தது. பொறுப்பு: தர ஆய்வாளர். எப்போது: தினமும் வேலை தொடங்கும்போது. கால அளவு: நாற்பது நொடி. (நேரம் அளக்கிறவர் வந்து நிறுத்துகடிகாரம் வைத்து மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார். மூன்றாம் முறை ஆமெனுக்குத் தும்மல் வந்ததால் அதைக் கழித்துக்கொண்டார்கள்.)

பிறகு திருத்தங்கள் வந்தன.

பாதுகாப்புப் பிரிவு: இயந்திரத்தின் அருகில் கண்களை மூடுவது விதிமீறல். ஆகவே கண்களைத் திறந்து வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து ஜெபிக்கவும். தலையைக் குனியும்போது தலைக்கவசம் நழுவாமல் தாடைப் பட்டையைப் போட்டுக்கொள்ளவும். இது திருத்தம் ஒன்று.

பணியாளர் நலப் பிரிவு: நிறுவனம் எல்லா மதத்தவருக்கும் பொதுவானது, எனவே ஜெபத்தின் கடைசி வரியில் எந்தக் கடவுளின் பெயரும் வரக் கூடாது. 'உரிய அதிகாரியின் பெயரில் கேட்கிறோம்' என்று மாற்றிக்கொள்ளவும். இது திருத்தம் இரண்டு.

ஆமென் அந்தத் தாளைத் திருப்பி நீட்டினான். "அம்மா, இது... இப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல."

"மனசுல என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க தம்பி. படிவத்துல மனசுக்குக் கட்டம் இல்ல" என்றார் கோப்பம்மா, கனிவாகத்தான்.

திருத்தம் மூன்று, ஆமென் விடுப்பில் போனால் என்ன செய்வது என்பது பற்றியது. மாற்று ஆளைத் தயார் செய்ய வேண்டும். கிடங்குக் காப்பாளரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் வேறு மதம். ஆனால் நல்ல மனிதர். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். "நான் எங்க சாமிய நினைச்சுக்கிட்டா மிஷின் கோவிச்சுக்குமா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ஆமென் பணிக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தான். பயிற்சி முடிவில் தேர்வு. கிடங்குக் காப்பாளர் பத்துக்கு ஒன்பது வாங்கினார். ஆமெனுக்கும் தேர்வு வைத்தார்கள், பதிவுக்காக. அவன் ஏழுதான்.

[இந்தப் பகுதியை இன்னும் நான்கு பக்கம் நீட்ட எனக்குக் கை துறுதுறுக்கிறது. மூன்றாம் எண் இயந்திரத்து ஆட்கள் 'எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை' என்று மனு கொடுத்ததை எல்லாம் எழுதலாம். ஆனால் இதில் சிரிப்பவன் நான் மட்டும்தான். ஆமென் சிரிக்கவில்லை. அவன் பக்கம் போகிறேன்.]

6

ஆமெனுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முதல் சில நாட்கள் வெட்கமாக இருந்தது. பிறகு மெதுவாக, 'ஒருவேளை உண்மையாகவே கர்த்தர் செய்தாரோ?' என்று தோன்றியது. கேட்காமலே கொடுத்தாரோ? சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவனுக்கு இயந்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தாரோ? போதகரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இது சாட்சி, தம்பி! அடுத்த ஞாயிறு மேடையில ஏறி எல்லாருக்கும் சொல்லணும், பத்து நிமிஷம் உங்களுக்கு."

அதோடு நிற்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக ஆமெனுக்குத் தைரியம் வந்தது. கையில் ஆதாரம் இருக்கிறதே! அந்த வாரம் புதன்கிழமை, சாப்பாட்டு அறை மூலையில், தண்ணீரைக் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். ரொம்ப நாளா."

"கைமாத்துன்னா எங்கிட்ட இல்லப்பா."

"அது இல்லண்ணே. நாலாம் நம்பர் மிஷின்... நீங்களும் பார்த்தீங்கல்ல. ஒருத்தரும் தொடல. தானா ஓடுச்சு. அது யாரு செஞ்சதுன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"

ஃபிட்டர் அண்ணன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நம்ம எல்லாருக்கும் மேல ஒருத்தர் இருக்கார்ணே. நமக்குத் தெரியாமலே, பின்னால இருந்து..."

"ஆமென்."

"கண்ணுக்குத் தெரியாமலே நமக்காக வேலை செஞ்சிட்டு..."

"யோவ், ஆமென். நிறுத்து. அது நான்தான்யா."

"என்னது?"

"பின்னால இருந்தது நான்தான். மிஷினோட பின்மூடியத் திறந்து உட்கார்ந்திருந்தேன். கதவு ஸ்விட்சுல ஒரு ஸ்க்ரூ லூசா இருந்துச்சு. ரெண்டு திருகு. ஓடிருச்சு. ஆறு நாள் மிஷின் சும்மா நிக்கிறதப் பார்க்க எனக்குக் கை பொறுக்கல." அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ முன்னால நின்னு கண்ண மூடிட்டு இருப்பேன்னு நான் என்ன கனவா கண்டேன்? அப்புறம் மேல இருக்கிற உன் ஆளு பேர்ல போகுதேன்னு விட்டுட்டேன். எனக்கும் வேலை தப்பிச்சுது. வெளிய சொல்லிடாதப்பா. என் சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு."

ஆமென் டப்பாவை மூடினான். மறுபடி திறந்தான். பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. மறுபடி மூடினான்.

"கோவமா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே" என்றான்.

* இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு கேலிக்கதைக்காரனாக இந்தக் கட்டத்தில் நான் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். விசுவாசம் அம்பலம், ஸ்க்ரூ வெற்றி. ஆனால் தட்டச்சு செய்யும்போது எனக்கு அவன் முகம்தான் தெரிந்தது. பதினோரு வருடம் சேர்த்துவைத்த தைரியத்தை ஒரே வாக்கியத்தில் செலவழித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

7

இப்போது நிலவரம் இது. வெள்ளிக்கிழமை தரச் சான்றிதழ்த் தணிக்கை. வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வருவார். பணிக்குறிப்பில் எழுதியபடி வேலை நடக்கிறதா, ஏன் அப்படி எழுதினார்கள் என்று துருவுவார். ஞாயிற்றுக்கிழமை சபை மேடை. இரண்டு இடத்திலும் ஆமென்தான் சாட்சி. கர்த்தர் செய்தார் என்றால் பொய்ச்சாட்சி. அதுவும் கர்த்தர் பெயரில். அண்ணன் செய்தார் என்றால் அண்ணன் வேலை போகும்.

வீட்டில் சொன்னான். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பொய் சொல்ல முடியாது. அவரையும் மாட்டிவிட முடியாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டையும் செய்யாதீங்க."

"அது எப்படி முடியும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஒரு வழி சொன்னா அப்புறம் வாழ்நாள் முழுக்க 'நீதானே சொன்னே'ம்பீங்க. இந்தப் போர்வையோட அந்த முனையப் பிடிங்க."

அவன் போர்வையின் முனையைப் பிடித்தான்.

8

தணிக்கையாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சிரிக்காத முகம், ஆனால் கோபமும் இல்லாத முகம். நான்காம் எண் இயந்திரத்தின் முன் நின்று பணிக்குறிப்பைப் படித்தார். ஒருமுறை. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை. மேனேஜர், கோப்பம்மா, ஆமென், கருவிப் பெட்டியோடு ஃபிட்டர் அண்ணன் என்று எல்லாரும் வரிசையாக நின்றார்கள்.

"இந்த ஏழாவது படி, 'ஜெபம்', எதுக்கு?"

"தொடர் மேம்பாடு மேடம்" என்றார் மேனேஜர்.

"சரி. பதிவு?"

கோப்பம்மா கோப்பை நீட்டினார். இருபத்து மூன்று நாள், இருபத்து மூன்று கையெழுத்து. 'ஜெபிக்கப்பட்டது. நாற்பது நொடி. இயந்திரம் இயங்கியது.'

"இதெல்லாம் உங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம்" என்றான் ஆமென்.

"எல்லா நாளும் இது நடந்துச்சா?"

சாதாரணக் கேள்வி. தலையை ஆட்டியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். ஆமெனின் வாய் அவனைக் கேட்காமல் பேசியது.

"இல்ல மேடம். கொஞ்ச நாள்தான் ஜெபம். மத்த நாள் ஒண்ணுல இருந்து நாப்பது வரைக்கும் எண்ணிட்டு இருந்தேன்."

கோப்பம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"சரி" என்றார் தணிக்கையாளர், எழுதிக்கொண்டே. "முதல் தடவை மிஷின் ஓடினதுக்குக் காரணம் இந்த ஜெபம்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"அன்னைக்கு நான் மிஷினுக்காக ஜெபிக்கவே இல்ல மேடம். சாப்பாட்டுக்காக."

"அப்ப எப்படி ஓடுச்சு?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"யோவ், தெரியாதுன்னு சொல்லுய்யா!" மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். நான்கு இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி அது எல்லாருக்கும் கேட்டது.

"தெரியும் சார்."

"யாரோ ஓட வச்சாங்க. யாருன்னு தெரியும். ஆனா சொல்ல மாட்டீங்க. அப்படித்தானே?" என்றார் தணிக்கையாளர்.

மேனேஜரின் முகத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தது. "மேடம், உங்களுக்குப் புரியலயா? இவர் ஆண்டவரச் சொல்றார்! வெளிப்படையாச் சொல்லக் கூச்சம். ரொம்ப அடக்கமான ஆளு!"

தணிக்கையாளரின் பேனா நின்றது. "ஓ" என்றார். அவருக்கும் அது வசதியாக இருந்தது. கோப்பம்மா மூச்சு விட்டார். ஃபிட்டர் அண்ணன் கருவிப் பெட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

பாருங்கள், எவ்வளவு அழகான கதவு! ஆமென் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பொய் சொன்னதாகவும் ஆகாது, அண்ணனும் பிழைப்பார், ஞாயிற்றுக்கிழமை மேடையும் மிஞ்சும். நான்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவனைக் காப்பாற்றத்தான் திறந்தேன். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிருந்தது.

"இல்ல மேடம்" என்றான் ஆமென். "கடவுள் இல்ல. அது ஒரு ஆளு."

பதினோரு ஆண்டுகளில், தொழிற்சாலைக்குள், எல்லார் காதிலும் விழும்படி, அவன் கடவுளைப் பற்றித் தெளிவாகச் சொன்ன முதல் வாக்கியம் இது: கடவுள் செய்யவில்லை.

9

* அக்கா: "இத எப்படிடா நான் இதழ்ல போடுறது?"

நான்: "நிஜமாவே நல்ல சாட்சிக்கா. யோசிச்சுப் பாரு."

அக்கா: "கடவுள் இல்லன்னு சொல்றான்டா!"

நான்: "கடவுள் இல்லன்னு சொல்லல. மிஷின ஓட்டுனது கடவுள் இல்லன்னான். கடவுள் பேர்ல இன்னொரு பொய் சேரக் கூடாதுன்னு சொல்றான்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ ஆராதனைக்கு வர்றதே இல்ல, இதெல்லாம் எங்க இருந்து எடுக்குற?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

10

தணிக்கையாளர் இரண்டு குறைபாடுகளை எழுதிவிட்டுப் போனார். ஒன்று, பொய்யான பதிவுகள். இரண்டு, அனுமதியின்றி யாரோ இயந்திரத்தில் கை வைத்திருக்கிறார்கள். அவர் போனதும் மேனேஜர் ஆமெனைக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"திங்கட்கிழமை காலையில அந்தப் பேரு என் மேஜை மேல இருக்கணும். இல்லன்னா உன் பேரப் போட்டுக்குவேன். பொறுப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல யாராவது ஒருத்தர் பேரு வந்தாகணும்."

"சரி சார்."

"என்ன சரி?"

"என் பேரப் போட்டுக்குங்க சார்."

மேனேஜர் பேனாவை மேஜை மேல் போட்டார். "உனக்கு மூளை கலங்கிருச்சு. திங்கட்கிழமை வரைக்கும் டைம். போ."

[இங்கே கதையின் முடிவு வர வேண்டும். மூன்று இருக்கின்றன.

அக்காவின் முடிவு: ஃபிட்டர் அண்ணன் கண்ணீர் மல்க ஓடிவந்து, 'தம்பி, உன் தெய்வமே என் தெய்வம்' என்று முழங்காலிடுகிறார். ஐம்பது வயதில், எண்ணெய்த் தரையில். எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கும்.

நான் முதலில் வைத்திருந்த முடிவு: அண்ணன் வாயே திறக்கவில்லை. ஆமென் வேலையை இழக்கிறான். அடுத்த மாதம் கிடங்குக் காப்பாளர் தலைமை ஜெப அலுவலராகப் பதவி உயர்வு பெறுகிறார். ஜனங்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன், ஒரு மாதம் முன்பு.

மூன்றாவது: அண்ணன் தானே மேனேஜரிடம் போய் ஒப்புக்கொள்கிறார், மேனேஜர் நெகிழ்ந்து மன்னிக்கிறார். மேனேஜர்களை நான் ஆறு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.]

மூன்றையும் அடித்துவிட்டேன். எழுத முடிந்தது இவ்வளவுதான்.

11

வேலை முடிந்து உடை மாற்றும் அறை. வெளியே இன்னும் வெயில். மற்றவர்கள் போய்விட்டார்கள். பெஞ்சின் ஒரு முனையில் ஆமென் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். மறுமுனையில் ஃபிட்டர் அண்ணன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்று கழன்றுவிட்டது. இன்னொன்றில் கயிறு முடிச்சு விழுந்திருந்தது. அவர் அதை நோண்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"மேனேஜர்கிட்ட உன் பேரையே போடச் சொன்னியாமே. கோப்பம்மா சொல்லுச்சு."

"ம்."

"கிறுக்கு. உனக்கும்தான் வீடு இருக்கு."

"ம்."

"அங்கயே வாய மூடிட்டு நின்னிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்ல. மேனேஜரே எடுத்துக் கொடுத்தான். கடவுள்னே விட்டிருக்கலாம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது, உங்க சபைக்கும் நல்லது."

"முடியலண்ணே."

"அதான் கேக்குறேன். ஏன் முடியல?" இப்போது நிமிர்ந்தார். முகத்தில் வழக்கமான அந்தக் கிண்டல் இல்லை. "பதினோரு வருஷமா நீ என்கிட்ட ஏதோ சொல்ல வர்ற, முழுங்குற, சொல்ல வர்ற, முழுங்குற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? வேண்டாம்னுதான் நானும் சினிமா, அரசியல்னு பேச்ச மாத்துவேன். இப்ப மாத்தல. சொல்லு. உன்ன எது பிடிச்சு நிறுத்துச்சு?"

ஆமென் வாயைத் திறந்தான்.

'அண்ணே, ஆண்டவர் நம்மை எவ்வளவாய்...' [இல்லை. இது மனப்பாடம். அண்ணன் கண்டுபிடித்துவிடுவார்.]

'நீங்க இல்லன்னா நான் யார்கூடண்ணே சாப்பிடுவேன்...' [இல்லை. உண்மைதான், ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் இது இல்லை. இது நான், நழுவுகிறேன்.]

'எனக்கே தெரியலண்ணே, ஆனா அந்த நேரத்துல உள்ள...' [உள்ளே என்ன? அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் எழுத்தாளனாகவா இருப்பேன்?]

என்னால் முடியவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களின் பெரிய வார்த்தைகளில் ஓட்டை போட்டுப் பிழைக்கிறவன் நான். ஓட்டையில்லாத ஒரு சின்ன வார்த்தை தேவைப்படும்போது கைவசம் ஒன்றும் இல்லை. நக்கலாக எழுதினால் ஆமெனுக்குத் துரோகம். உருக்கமாக எழுதினால் அண்ணனுக்குத் துரோகம். அக்காவிடம் கேட்டேன், அவள் பத்து வரி தயாராக வைத்திருந்தாள், ஐந்தாவது வரியில் அவளே நிறுத்திவிட்டு, "இல்லடா, அந்த ஆளுகிட்ட இப்படிச் சொல்ல முடியாது" என்றாள்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். நீங்கள் விசுவாசியோ, இல்லையோ, அண்ணனைப் போல எல்லாவற்றையும் அலட்சியமாகப் பார்க்கிறவரோ, அது எனக்கு வேண்டாம். ஆமெனின் இடத்தில் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். நீளமாகச் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். எங்கேயோ கேட்டதைச் சொன்னால் சிரித்துவிடுவார். திங்கட்கிழமை மேனேஜரின் அறைக்கு அவர் போவாரா, மாட்டாரா என்பதும்கூட உங்கள் பதிலில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்காகச் சொல்லாதீர்கள். அவர் கேட்டதற்குச் சொல்லுங்கள்.

ஒரு கால் வெறுங்கால், ஒரு காலில் பூட்ஸ். முடிச்சு இன்னும் அவிழவில்லை. அது அவிழும் வரை அவர் எங்கேயும் போக மாட்டார்.